மழை லீவும் ஒரு பழைய ஸ்கிரீன்ஷாட்டும்

போன ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை, எங்கள் எட்டாம் வகுப்பில் பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். மீதிப் பேர் எங்கேடா என்றால், "லீவு விட்டாச்சுன்னு வாட்ஸப்ல வந்துச்சு சார்." ஆட்சியர் அறிவிப்பு என்று டிவி செய்தியின் ஸ்கிரீன்ஷாட். மூலையில் தேதி தெளிவாகவே இருக்கிறது, இரண்டு வருஷம் பழசு. திட்டலாம் என்று வாயைத் திறந்தவன், அதே படத்தை முதல்நாள் ராத்திரி ஆசிரியர் குரூப்பில் போட்டதே நான்தான், ஹெச்எம் போன் போட்டுச் சொல்லியிராவிட்டால் நானும் வந்திருக்க மாட்டேன் என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

பிள்ளைகள் போனோடயே பொறந்தவங்க, வாத்தியாருங்களுக்குத்தான் ஒன்னும் தெரியலை என்று மன்னார்குடி டீக்கடையிலிருந்து பயிற்சி வகுப்பு வரைக்கும் பேசுகிறார்கள். எனக்கு இதில் பாதிகூட ஒப்புதல் இல்லை. ரீல்ஸ் எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் போடுகிற பெண்ணை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து லீவு லெட்டர் அடிம்மா என்றால், பேசினால் எழுதிக்கொள்கிற மைக் எங்கே என்று தேடுகிறாள். அடித்ததை சேவ் பண்ணினாள், அது எங்கே போனது என்று தெரியவில்லை. போனில் ஃபோல்டர் என்ற ஒன்றைத் திறக்க வேண்டிய தேவையே அவளுக்கு வந்ததில்லையே.

எங்கள் மூத்த டீச்சர் வேறு ரகம். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம். வானவில் எழுத்துருவில் கேள்வித்தாள் அடித்தால் கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். ஆனால் அதை வாட்ஸப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், போன் கெட்டுப்போச்சு என்பார். பழைய எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்காரவைத்திருக்கிறார்கள், வாட்ஸப் படிக்கிற யூனிகோடில் தமிழுக்கே சொந்த எண் உண்டு, அவ்வளவுதான் விஷயம். 2010-லேயே அரசாணை போட்டு யூனிகோடை ஏற்றாயிற்று. டீச்சருக்கு இதை யாரும் சொல்லவில்லை. வருகை, சீருடை அளவு, வங்கிக் கணக்கு எண் என்று செயலியில் ஏற்றச் சொல்லி மட்டும் தினம் மெசேஜ் வரும். அதையும் சிக்னல் தேடி வேப்பமரத்தடியில் நின்று ஏற்றிவிடுவார். எழுத்தர் வேலைக்கு வேண்டியது எல்லாம் தெரியும், பாடம் நடத்தத் தேவையானதற்குத்தான் நேரமே கிடைக்கவில்லை.

2011-ல் விலையில்லா மடிக்கணினி வந்தபோதும் இதே கதைதான். இங்கே பல வீடுகளில் அது படம் பார்க்கிற பெட்டியாகவே செத்துப்போனது. பெட்டி கொடுத்தவர்கள் அதோடு வாரம் ரெண்டு பீரியடும் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் கொடுத்திருக்கலாம்.

இதே வகுப்பில் ஒரு பையன். குறுவை அறுப்பு முடிந்து நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஆன்லைனில் பதியும்போது அவன் அப்பாவின் அடங்கல் (வயலில் என்ன பயிர் என்று சொல்கிற சான்று) போட்டோ சைஸ் அதிகம் என்று ஏறவில்லை. அந்த போட்டோவையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சைஸைக் குறைத்து ஏற்றிவிட்டான். பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லிக்கொடுத்ததாம். எந்தப் பரீட்சையிலும் இதற்கு மார்க் கிடையாது, ஆனால் மூட்டை தூக்குகிற வீட்டுக்கு இதுதான் கம்ப்யூட்டர் அறிவு.

நானும் ஏதாவது செய்யலாமே என்று சனிக்கிழமைகளில் தமிழ்99 தட்டச்சு ஆரம்பித்தேன். 1999-லிருந்து இருக்கிற விசைப்பலகை, நானே போன வருஷம்தான் கற்றேன் (வெட்கம்தான்). உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டினால் "அம்மா" வந்துவிடும், புள்ளியை அதுவே போட்டுக்கொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மூத்த டீச்சரும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், வானவில் பழகிய விரல் முரண்டு பிடிக்கிறது என்று சிரித்தார்.

நேற்று அவருடைய ஓய்வூதியக் காகிதம் ஏதோ ஒன்று சைஸ் அதிகம் என்று ஏறவில்லையாம். இடைவேளையில் எட்டாம் வகுப்பு வாசலில் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்: "தம்பி, அந்த ஸ்கிரீன்ஷாட் வித்தைய கொஞ்சம் காட்டேம்ப்பா."