பள்ளிப் பேருந்தில் கேமரா இருக்கட்டும், அபராதத்தில் பங்கு வேண்டாம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது, பெற்றோர்களின் பேச்சு மறுபடியும் பள்ளிப் பேருந்துக் கேமராக்களைப் பற்றித் திரும்பியது. பிள்ளைகளுக்காக நிற்கும் பேருந்தை நிற்காமல் கடந்து போகும் வண்டிகளைப் படம்பிடிக்கும் கேமராக்கள் இவை. அங்கே நின்றிருந்தவர்களில் மூன்று குடும்பங்களுக்கு இந்த ஆண்டு 250 டாலர் அபராதக் கடிதம் வந்திருக்கிறது. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. "பிள்ளைகள் பேரைச் சொல்லிக் காசு பிடுங்குகிறார்கள்" என்று ஓர் அண்ணன் சொன்னார். பலரும் தலையசைத்தார்கள். அவர் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ளவும் என்னால் முடியவில்லை. அங்கே முழுமையாகச் சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் எங்கள் தெரு போய்ச் சேரும் பெரிய சாலையில், காலை ஏழரை மணிக்கு அவளுடைய பேருந்து எதிர்ப்பக்கத்தில் வந்து நிற்கும். முதலில் மஞ்சள் விளக்குகள் மின்னும். பேருந்து நின்றதும் அவை சிவப்பாக மாறும், ஓட்டுநர் பக்கத்திலிருந்து 'ஸ்டாப்' பலகை விரியும், முன்பம்பரிலிருந்து ஒரு மஞ்சள் கழி நீளும். பிள்ளை அந்தக் கழியைச் சுற்றி, ஓட்டுநரின் கண்ணில் படும்படி தள்ளி நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. பிறகு ஓட்டுநர் கையசைப்பார், அவள் கடப்பாள். சிவப்பு விளக்கு மின்னினால் எல்லா வண்டியும் நிற்கும் என்று பள்ளியிலும் வீட்டிலும் நாம்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஏழு வயதுப் பிள்ளை அதை முழுதாக நம்புகிறது. வருகிற காரின் வேகத்தையோ அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையோ கணக்கிடும் வயது அதற்கு இன்னும் வரவில்லை.

கடந்த அக்டோபரில் ஒரு நாள், பலகை விரிந்து, ஓட்டுநர் கையசைத்து, மகள் ஓரடி எடுத்து வைத்துவிட்ட பிறகு, ஒரு கார் வேகத்தைக் குறைக்காமலே எங்களைக் கடந்து போனது. பேருந்து ஓட்டுநர் ஹாரனை விடாமல் அழுத்தினார். நான் மகளின் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். "அம்மா, சிவப்பு எரியுதே, அவங்க ஏன் நிக்கல?" என்று அவள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்த ஓட்டுநரிடமும் அந்தக் காரின் எண் இல்லை. ஒரு கண் பிள்ளை மீதும் மறு கண் பக்கக் கண்ணாடிகள் மீதும் வைத்திருக்கும் ஒருவர், வினாடிகளில் மறையும் காரின் எண்ணை எப்படிக் குறித்துக்கொள்வார்? குறித்தாலும், காவலர் ஒருவர் நேரில் பார்த்திருந்தால்தான் வழக்கு நிற்கும் என்பதே நெடுங்காலம் இருந்த நிலை. 2019 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலம் கேமராக்களை அனுமதித்துச் சட்டம் இயற்றியதன் முக்கியக் காரணம் இதுதான்.

இதெல்லாம் எப்போதாவது நடக்கும் தவறு என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். பள்ளிப் போக்குவரத்துக்குப் பொறுப்பான மாநில இயக்குநர்களின் தேசியச் சங்கம், பேருந்து ஓட்டுநர்களைக் கொண்டே ஆண்டுதோறும் ஒரு நாள் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2024-இல் 36 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலுமாகச் சுமார் 98,000 ஓட்டுநர்கள் அதில் பங்கேற்றார்கள். அந்த ஒரே நாளில் 66,000-க்கும் அதிகமான வண்டிகள் நிற்காமல் கடந்து போயிருந்தன. அதை நாட்டின் எல்லாப் பேருந்துகளுக்கும் ஒரு கல்வியாண்டு முழுமைக்கும் விரித்துப் பார்த்து, நாலரைக் கோடிக்கு மேல் என்று அச்சங்கம் மதிப்பிட்டது.

இவற்றில் மிகப் பெரும்பாலானவை விபத்தாக முடிவதில்லை என்பது உண்மை. முடிந்தவற்றில் ஒன்றை நான் மறக்கவில்லை. 2018 அக்டோபர் 30 அன்று இந்தியானா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற சிற்றூருக்கு அருகே, இன்னும் இருள் விலகாத காலையில், பேருந்தில் ஏறுவதற்காக மாநில நெடுஞ்சாலையைக் கடந்த மூன்று உடன்பிறப்புகள் ஒரு பிக்கப் வண்டி மோதி அங்கேயே இறந்தார்கள். ஒன்பது வயது அக்காவும், ஆறு வயது இரட்டைத் தம்பிகளும். உடன் கடந்த இன்னொரு சிறுவன் பலத்த காயத்தோடு உயிர் தப்பினான். பேருந்தின் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன, பலகையும் விரிந்திருந்தது. வண்டியை ஓட்டிய இளம்பெண், விளக்குகளைப் பார்த்ததாகவும், அது பள்ளிப் பேருந்து என்று புரிந்துகொள்ளவில்லை என்றும் சொன்னார். நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறை விதித்தது.

எங்களுக்கு வந்த கடிதத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடுவே தடுப்பு உள்ள ஒரு நான்குவழிச் சாலையில் என் கணவர் ஓட்டிச் சென்றபோது, பேருந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் எதிர்த்திசையில் நின்றிருந்தது. நடுத்தடுப்பு இருந்தால் எதிரே வருபவர்கள் நிற்க வேண்டியதில்லை என்றே அவர் நினைத்திருந்தார். பல மாநிலங்களில் விதியும் அதுதான். நியூயார்க்கில் அப்படியில்லை, தடுப்பு இருந்தாலும், எத்தனை வழிச் சாலையாக இருந்தாலும், இரு திசையிலும் நிற்க வேண்டும். வேறு மாநிலத்தில் உரிமம் எடுத்து இங்கே குடிவந்த எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்தச் சாலையில் இதைச் சொல்லும் பலகை ஒன்றுகூட இல்லை. எதிரே வரும் வண்டியும் ஒரு பள்ளிப் பேருந்துக்காக நிற்க வேண்டும் என்ற பழக்கமே நம் ஊரில் இல்லை என்பதால், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியாக வேண்டும். காணொளியைப் பார்த்தோம். விதியை மீறியது நாங்கள்தான், பணத்தைக் கட்டிவிட்டோம்.

இந்த அபராதம் வண்டியின் உரிமையாளர் மீது விழுகிறது. ஓட்டியது யார் என்பதைக் கேமரா காட்டாததால், ஓட்டுநர் உரிமத்தில் குற்றப் புள்ளிகள் ஏறுவதில்லை, காப்பீட்டுக் கட்டணத்துக்கும் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பதினெட்டு மாதங்களுக்குள் இரண்டாம் முறை என்றால் 275 டாலர், மூன்றாம் முறை 300. காவலரே பிடித்தால் கதை வேறு: அபராதம் 400 டாலர் வரை போகலாம், புள்ளிகள் ஏறும், முதல் முறையிலேயே முப்பது நாள்வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அறியாமல் தவறியவருக்கு 250 டாலர் போதுமான பாடம். வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கடப்பவருக்கு 300 டாலர் ஒன்றுமே இல்லை. மூன்றாம் கடிதம் போகிற வீட்டுக்கு ஒரு காவலரும் போக வேண்டும் என்பது என் கருத்து.

இனி, அந்த அண்ணனின் கோபத்தில் இருக்கும் நியாயத்துக்கு வருகிறேன். இந்தக் கேமராக்களைப் பல ஊர்களில் அரசு வாங்குவதில்லை. ஒரு தனியார் நிறுவனம் தன் செலவில் பேருந்துகளில் பொருத்துகிறது, பராமரிக்கிறது, பதிவுகளை முதலில் சலித்தும் தருகிறது. ஈடாக, வசூலாகும் ஒவ்வொரு அபராதத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. லாங் ஐலண்டில் எங்கள் சஃபோக் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது) அந்தப் பங்கு கிட்டத்தட்டப் பாதி. பள்ளிக்கும் கவுண்டிக்கும் கைக்காசு செலவில்லை என்பதால் ஒப்பந்தம் எளிதில் கையெழுத்தாகிவிடுகிறது. ஆனால் இதன் உள்ளே இருப்பதை யோசித்துப் பாருங்கள். கேமராவின் நோக்கம் நிறைவேறினால் மக்கள் நிற்கப் பழகுவார்கள், கடிதங்கள் குறையும், நிறுவனத்தின் வருமானமும் குறையும். எந்த நோக்கத்துக்காகக் கேமராவைப் பொருத்தினோமோ, அது நிறைவேறினால் நட்டப்படும் ஒருவரிடம் அதை ஒப்படைத்திருக்கிறோம். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சந்தேகத்துக்குரிய ஒரு பதிவை ஒதுக்குவதா, அனுப்புவதா என்று முடிவெடுக்கும் இடத்தில், அனுப்பினால்தான் பணம் என்ற நிலை இருக்கக் கூடாது என்கிறேன்.

ஃபுளோரிடாவின் மயாமி-டேட் கவுண்டியில் இதன் விளைவைப் பார்த்தார்கள். அங்கே 2024-இல் தொடங்கிய திட்டத்தில் பல்லாயிரக்கணக்கான கடிதங்கள் போயின. அந்த மாநிலச் சட்டப்படி, உயர்ந்த நடுத்தடுப்புக்கு அப்பால் வருபவர்கள் நிற்க வேண்டியதில்லை. அப்படி ஓட்டியவர்களுக்கும் கடிதம் வந்ததாகவும், மறுத்து முறையிட்டவர்கள் விசாரணைக்காக நெடுநாள் காத்திருக்க நேர்ந்ததாகவும் செய்திகள் வந்தன. 2025-இல் அந்தக் கவுண்டியின் காவல் துறையான ஷெரிஃப் அலுவலகம் திட்டத்தை நிறுத்திவைத்தது. பிள்ளைகளுக்காக வந்த ஒரு நல்ல ஏற்பாடு, செயல்படுத்திய முறையால் மக்களின் நம்பிக்கையை இழந்து நின்றது. எனக்கு இதில் வருத்தம்தான் அதிகம். கேமரா நின்றுபோன ஊரிலும் பிள்ளைகள் அதே சாலையைத்தான் கடக்கிறார்கள்.

நியூயார்க்கிலும் ஒரு திருப்பம் நடந்தது. சஃபோக்கில் வந்த ஒரு வழக்கின் மேல்முறையீட்டில், பிள்ளைகளை ஏற்றவோ இறக்கவோதான் பேருந்து நின்றது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2023-இல் நீதிமன்றம் அபராதத்தைத் தள்ளுபடி செய்தது. மறு ஆண்டே சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, விளக்கும் பலகையும் இயங்கியிருந்தால் பேருந்து அதற்காகத்தான் நின்றது என்று கொள்ளலாம் என ஆக்கியது. இந்தத் திருத்தத்தின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பேருந்தைச் சுற்றிப் பல கேமராக்கள் இருக்கும்போது, கதவு திறந்ததையும் பிள்ளை இறங்கியதையும் காட்டும் சில வினாடிகளைச் சேர்த்து அனுப்புவது பெரிய காரியமா? அதைப் பார்க்கும் எந்த ஓட்டுநரும் வழக்காடப் போகமாட்டார். எங்களுக்கு வந்த காணொளியில், பேருந்தின் முன்னால் காத்து நின்ற ஒரு சிறுவனின் நீல நிறப் பை தெரிந்தது. என் கணவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் வாதாடவில்லை.

ஆகவே நான் கேட்பது கேமராவை எடுக்கச் சொல்லி அல்ல. நிறுவனத்துக்குப் பேருந்து ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான கட்டணம் கொடுங்கள். கடிதம் ஆயிரம் போனாலும் பத்தே போனாலும் அது மாறக் கூடாது. அபராதப் பணத்தைக் கவுண்டியின் பொதுச் செலவில் கரையவிடாமல் நிறுத்தங்களைப் பாதுகாப்பாக்கச் செலவிடுங்கள். இந்தியானாவில் அந்த மூன்று பிள்ளைகள் இறந்ததன் மறு ஆண்டு வந்த சட்டம் தண்டனையைக் கூட்டியதோடு நிற்கவில்லை. நகர எல்லைக்கு வெளியே உள்ள நெடுஞ்சாலைகளில், வேறு வழி இருக்கும்வரை, பிள்ளைகள் சாலையைக் கடக்கத் தேவையில்லாதபடி அவர்கள் பக்கத்திலேயே ஏற்றி இறக்க வேண்டும் என்றும் சொன்னது. என்னைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்தில் மிகவும் மதிக்கத்தக்க பகுதி அதுதான். கார் கடந்துபோன பிறகு கேமரா சாட்சி சொல்லும். பிள்ளை அந்தச் சாலையில் கால் வைக்காமலே இருக்க, பேருந்தின் வழித்தடத்தை மாற்றியாக வேண்டும்.

எங்கள் நிறுத்தத்தையும் வீட்டுப் பக்கத்துக்கு மாற்ற முடியுமா என்று பள்ளி மாவட்டத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பேருந்து சுற்றிவர கூடுதலாகப் பதினோரு நிமிடம் ஆகும் என்று பதில் வந்தது. அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில், பொதுமக்கள் பேசும் நேரத்துக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கேமரா ஒப்பந்தத்தின்படி எங்கள் பள்ளி மாவட்டத்திலிருந்து வசூலானது எவ்வளவு, அதில் எவ்வளவு நிறுவனத்துக்குப் போனது, மிச்சம் அந்தப் பதினோரு நிமிடத்துக்குப் போதுமா என்று கேட்கப்போகிறேன். இதே பள்ளி மாவட்டத்தில் பிள்ளைகள் படிக்கும் நம்மவர்கள், ஞாயிறன்று கோபப்பட்ட அந்த அண்ணன் உட்பட, அன்று மாலை ஏழு மணிக்கு வந்து உடன் அமர்ந்தால் நன்றாக இருக்கும்.