ஸ்கூலுக்கு புள்ளி வரி கட்டுனா போதும், வீட்டையே எழுதி வைக்க வேணாம்

அண்ணன் மக பிளஸ் ஒன் படிக்கிறா, ஃபர்ஸ்ட் குரூப்பு. அரையாண்டு லீவுன்னு பேருக்கு நாலு நாள் விட்டாக, மத்த நாளெல்லாம் ஸ்பெஷல் கிளாஸாம், அந்த நாலு நாள்ல ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்தவ தட்டுல வச்ச வெள்ளைப் பணியாரத்த தொடக்கூட இல்லாம ஊஞ்சல்ல சுருண்டு படுத்துக்கிட்டு "அத்தை எனக்கு படிக்கவே புடிக்கல"ன்னா. வெள்ளைப் பணியாரத்த வேணாம்ங்குற புள்ள இல்ல அவ. விஷயம் பெருசுதான்னு அடுப்ப அணைச்சுட்டு வந்து பக்கத்துல உக்காந்தேன்.

கேட்டா, பிளஸ் ஒன் புக்க ஓரமா வச்சுட்டு நவம்பர்லயே பிளஸ் டூ பாடம் ஆரம்பிச்சுட்டாகளாம். காலைல ஏழு மணிக்கு போனா ராத்திரி எட்டு மணிக்கு வீடு. பயாலஜி கிளாஸ்ல பறவைக்கு எலும்பு ஏன் உள்ள வெத்தா இருக்குன்னு எதோ கேட்டிருக்கா, அது போர்ஷன்ல இல்ல ஒக்காருன்னுருக்காக. திட்டல, அடிக்கல, ஒக்காரு அவ்ளோதான். மூணு தடவ ஒக்காரு கேட்டப்புறம் கை தூக்குறதையே விட்டுட்டேன் அத்தைன்னா. எனக்கு அந்த எட்டு மணி கூட பெருசா தெரியல, இந்த கை தூக்குறத விட்டதுதான் நெஞ்சுல கெடந்து உறுத்துது.

இந்த பிளஸ் ஒன் பாடத்த முழுங்குற வேலை இன்னிக்கு நேத்து வந்ததில்ல. ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வச்சு மார்க் எடுக்க வைக்கிறாங்கன்னு தெரிஞ்சுதான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் எக்ஸாம் கொண்டு வந்தாக, 1200 மார்க்க 600 ஆக்குனாக, அதே 2017லதான் ஸ்டேட் ஃபர்ஸ்ட் செகண்ட்னு ரேங்க் அறிவிக்கிறதையும் நிறுத்துனாக. இப்ப 2025 ஆகஸ்ட்ல மாநிலக் கல்விக் கொள்கைய வெளியிட்டப்ப பிளஸ் ஒன் பப்ளிக் கிடையாதுன்னுட்டாக. வரிசையா மூணு வருஷம் பப்ளிக் எழுதுற பாரம் கொறஞ்சுச்சு, அது நல்லதுதான், நான் இல்லைங்கல. ஆனா எக்ஸாம் இல்லைன்னா பாடமும் இல்லைன்னு நெனைக்கிற ஸ்கூலு ஊருக்கு ஊரு இருக்கே, அதுக்கு என்ன செய்ய.

சொந்தக்காரங்க கிட்ட சொன்னா ஆளுக்கு ஒரு வீடியோ அனுப்புறாக. எந்திரி, ஓடு, ஜெயின்னு பின்னாடி டமடமன்னு மியூசிக்கோட. அதப் பாத்தா பத்து நிமிஷம் வேகம் வரும், பதினோராவது நிமிஷம் கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்கும். இன்னொரு கோஷ்டி இருக்கு, கண்ணதாசன் எட்டாவதுதான் படிச்சாருன்னு ஆரம்பிக்கும். அவரு பொறந்த சிறுகூடல்பட்டி நமக்கு பக்கம்ல, அதனால நம்ம ஊர்ல இந்த பேச்சு கொஞ்சம் ஓவராவே ஓடும். எட்டாவதோட நின்னவுக எங்க தெருவுலயே எத்தன பேரு இருக்காக, அதுல எத்தன கண்ணதாசன் வந்தாக சொல்லுங்க. அந்த புள்ள கேக்குறது நாளைக்கு காலைல ஏழு மணிக்கு எப்புடி எந்திரிச்சு போறதுன்னு, அதுக்கு பதில் இதுல எதுலயும் இல்ல.

நான் அவகிட்ட சொன்னது என் கதை. இது வரைக்கும் வீட்டுக்கு வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல, எங்க வீட்டுக்காரருக்கே கல்யாணம் ஆகி நாலு வருஷம் கழிச்சுதான் தெரியும்.

1998ல என்னைய ஒன்பதாவதுல உக்கார வச்சுட்டாக. ஃபெயில்னு சொல்ல முடியாது, கணக்குல 38. பாஸ் மார்க் 35. ஆனா பத்தாவது பப்ளிக்ல ஸ்கூல் ரிசல்ட் கெட்டுரும், நூத்துக்கு நூறு காட்டணும், ஒரு வருஷம் இருந்து நல்லா படிச்சுட்டு வரட்டும்னு எங்கப்பாவ கூப்ட்டு சொன்னாக. எங்கப்பா ஆத்தங்குடியில தரைக்கு பதிக்கிற பூக்கல்லு போடுற பட்டறைல வேலை, கையெல்லாம் சிமெண்ட்டு, அந்தக் கைய பின்னாடி கட்டிக்கிட்டு சரிங்க சார் சரிங்க சார்னுட்டு வந்துட்டாரு. தமிழ்நாட்டுல இன்னிக்கும் எட்டாவது வரைக்கும் யாரையும் நிறுத்துறதில்ல, அதனால ஒன்பதாவதுலதான் சல்லடைய வைக்கிறது. நான் அந்த சல்லடைல நின்னவ. கூட படிச்சவளுக பத்தாவது பிளாக்குக்கு போயிட்டாளுக, நான் பழைய பெஞ்சுல பழைய புக்க வச்சுக்கிட்டு என்னைய விட சின்னப் புள்ளைங்களோட. பிரேயர்ல நிக்கிறப்ப வரிசைல நான்தான் உசரம். அந்த உசரம் இருக்கே, அத மறைக்க கூன் போட்டே ஒரு வருஷம் நின்னேன்.

எங்க அப்பத்தா பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீட்டுல சமையல் வேலை பாத்துச்சு. அந்த வருஷம் சனி ஞாயிறு நானும் கூட போயிருவேன், வீட்ல இருந்தா யாராச்சும் வந்து எந்த கிளாஸுன்னு கேப்பாகன்னு. அந்த வீட்டு ஐயாவுக்கு எண்பது வயசு இருக்கும், சின்ன வயசுல பர்மாவுக்கு பெட்டியடிப் பையனா போனவரு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், நகரத்தார் வெளிநாட்டுல கடை வச்சிருந்தப்ப பையனுகள பன்னெண்டு பதிமூணு வயசுல பெட்டியடியில உக்கார வச்சு தொழில் கத்துக் குடுப்பாக, அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள்னு படிப்படியா. அதுக்கு முன்னாடியே மாகாணி வாய்ப்பாடு, அதான் பின்னக் கணக்கு வாய்ப்பாடெல்லாம் மனப்பாடம். அரையில கால் அரைக்கால், காலுல கால் மாகாணி, இந்த மாதிரி. அவரு முகப்புல சாய்வு நாற்காலில உக்காந்திருப்பாரு, பேச ஆளில்ல, புள்ளைங்க எல்லாம் சென்னைல வெளிநாட்டுல. ஒரு நாள் என்னைய கூப்ட்டு இதக் கூட்டுன்னு ஒரு பழைய பேரேட்ட, அதான் கணக்குப் புஸ்தகத்த நீட்டுனாரு.

அப்புடித்தான் ஐந்தொகை கத்துக்கிட்டேன். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், கடைசில ரெண்டும் ஒத்து வரணும். வரலைன்னா எங்கேயோ தப்பு இருக்கு. எங்கன்னு அவரு சொல்ல மாட்டாரு. "என்ன ஆத்தா, ஒத்து வந்துச்சா"ன்னு மட்டும் கேப்பாரு, இல்ல ஐயான்னா "அப்ப ஒக்காரு"ம்பாரு. அதே ஒக்காருதான். ஸ்கூல்ல சொன்ன ஒக்காருக்கு வாய மூடுன்னு அர்த்தம், இவரு சொன்னதுக்கு நீயே கண்டுபிடிச்சுருவன்னு அர்த்தம். ஒரு தடவ பதினோரு ரூவா இடிச்சுச்சு, மத்தியானம் ரெண்டு மணில இருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தேடுனேன், ஒரு இடத்துல ஒன்ன ஏழுன்னு படிச்சிருந்தேன், இன்னொரு இடத்துல அஞ்சு ரூவா பதிவு விட்டுப்போச்சு. கடைசில ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் வந்து நின்னப்ப கத்திட்டேன், அப்பத்தா கரண்டியோட ரெண்டாங்கட்டுலேர்ந்து ஓடி வந்துச்சு பாம்பு எதும் பூந்துருச்சோன்னு.

கணக்குல 38 எடுத்தவ நான். அந்த 38 போட்டது ஸ்கூலு. அந்த ஐந்தொகைல எனக்கு யாரும் மார்க் போடல, அது ஒத்து வந்துச்சு, அவ்ளோதான், ஹெட் மாஸ்டரே வந்து இல்லைன்னு சொன்னாலும் அது ஒத்து வந்தது ஒத்து வந்ததுதான். நான் அந்த வருஷத்துல கிறுக்குப் புடிக்காம இருந்ததுக்கு ஒரே காரணம் அது.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னப்ப அவரு சிரிச்சாரு. எங்க வேலையும் அப்புடித்தானம்மான்னாரு. ஆத்தங்குடிக் கல்லு போடுறத பாத்தவங்களுக்கு தெரியும், கண்ணாடிய கீழ வச்சு அது மேல அச்ச வச்சு கலர் சிமெண்ட்ட ஊத்துவாக, அச்ச எடுத்துட்டு மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்கிருவாக. பூ இருக்கிற மூஞ்சி அடியில கண்ணாடிப் பக்கம், நம்ம கண்ணுக்கு தெரியிறது முதுகுதான். சூளை கீளை எதுவும் கிடையாது, காயவச்சு தண்ணித்தொட்டில ஊறப்போட்டு திரும்ப காயவச்சு கண்ணாடி கழண்டு வர்றப்பதான் பூ நல்லா விழுந்துச்சா கலங்கிருச்சான்னு தெரியும். அது வரைக்கும் முதலாளி சொன்னாலும் மேஸ்திரி சொன்னாலும் ஒண்ணும் இல்ல.

இப்ப என் கருத்து. ஸ்கூல விட்டு ஓடுன்னு நான் சொல்லல, ஸ்கூல நம்புன்னும் சொல்லல. நாங்க நகரத்தார் இல்ல, ஆனா நம்ம ஊர்ல வளந்தவங்களுக்கு புள்ளி வரின்னா தெரியும். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, கோயில் காரியத்துக்கு புள்ளிக்கு இவ்ளோன்னு போட்டா கட்டிரணும். கட்டாம இருக்கவும் முடியாது, அதுக்காக யாரும் வீட்ட வித்து கட்டுறதும் இல்ல. ஸ்கூலுக்கும் அப்புடி கட்டிரு ஆத்தான்னேன். புக் பேக் கேள்வி, பழைய கொஸ்டின் பேப்பர், டெஸ்டுக்கு டெஸ்ட், அது கேக்குறத நேரத்துக்கு குடுத்துரு, ஆனா உன் ஆசை, உன் கேள்வி, நீ யாருங்குற நெனப்பு, இதெல்லாம் வரில சேத்தி இல்ல, அத அங்க கொண்டு போய் அடகு வைக்காத.

உடனே மார்க் தேவையில்லையா அத்தைன்னு கேட்டா, கெட்டிக்காரி. தேவைதான். இந்த விஷயத்துல புள்ளைங்க கிட்ட பொய் சொல்றவுகள எனக்கு புடிக்காது. இஞ்சினியரிங் போகணும்னா மேத்ஸ் 100, ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பாதி பாதி, ஆக மொத்தம் 200க்கு கட் ஆஃப், அதுல அரை மார்க்குக்கு எத்தனையோ பேரு முன்னாடி போயிருவாக. இதுல எங்கண்ணன் பண்ண கூத்து வேற. பத்தாவது வரைக்கும் அரசுப் பள்ளில நல்லா படிச்சுக்கிட்டு இருந்தவள நல்ல ரிசல்ட் வரும்னு தூக்கி தனியார்ல போட்டான். ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சா மெடிக்கல், இஞ்சினியரிங் சீட்டுல அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, காலேஜுக்கு போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா. ரெண்டும் போச்சு. ஃபீஸும் கட்டி இருக்கிற உரிமையையும் விட்டுட்டு வந்தவன என்னன்னு சொல்ல. சொன்னா கோவம் வரும்.

காரைக்குடிக்காரங்களுக்கு படிப்புன்னா அழகப்பர்தான், அழகப்பச் செட்டியார். 1947ல காலேஜ் ஆரம்பிச்சவரு, சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் குடுத்தவரு, 1948ல நேரு வந்து அடிக்கல் நட்டது இங்கதான். அத நான் கொறச்சு சொல்லல, அவரு மட்டும் இல்லைன்னா எங்கள மாதிரி வீட்டுப் பொண்ணுங்க காலேஜ் வாசலக்கூட பாத்திருக்க மாட்டோம். ஆனா எனக்கு அதே அளவுக்கு இன்னொருத்தர புடிக்கும், அழகப்பர் ஊரு கோட்டையூரேதான், ரோஜா முத்தையா செட்டியார். போர்டு எழுதுற ஓவியர் அவரு. பழைய புஸ்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸு, கல்யாணப் பத்திரிகைன்னு ஊரு வேணாம்னு தூக்கிப் போட்டதையெல்லாம் சேத்து வச்சாரு. யாரு அவருக்கு பாடத்திட்டம் போட்டா, யாரு ரேங்க் குடுத்தா. 1992ல அவரு போனப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அத வாங்கி 1994ல சென்னைல நூலகமா ஆச்சு, ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. வீட்ல இருந்தவுகளுக்கு பூச்சி அரிக்கிற பழைய பேப்பரா தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சுப் பாப்பேன், அப்பயும் விடாம சேத்தாருல்ல.

ஆங், விட்டுட்டேன். என்னைய உக்கார வச்ச அந்த சார குன்றக்குடி கோயில்ல ஒரு தடவ பாத்தேன். போய் வணக்கம் சொன்னேன், பேரு சொன்னேன், வருஷம் சொன்னேன். சிரிச்சாரு, நல்லா இருக்கியாம்மான்னாரு, அவருக்கு என்னைய ஞாபகமே இல்ல. எனக்கு வந்த ஆத்திரத்துல பாதி அப்பவே போயிருச்சு, மீதிப் பாதி இருக்கு, அத பொய்யா இல்லைன்னு சொல்ல மாட்டேன். இப்ப நான் புதுவயல்ல ஒரு ரைஸ் மில்லுல கணக்கு பாக்குறேன், எல்லாம் கம்ப்யூட்டர்ல டேலிதான், ஆனா வருஷக் கடைசில ஒரு தடவ பேப்பர்ல கையால போட்டு பாத்துருவேன். மில்லுக்காரவுக சிரிப்பாக.

சரி அவ கதைக்கு வர்றேன். உனக்குன்னு மார்க் போட ஆள் தேவைப்படாத வேலை எதாச்சும் இருக்கான்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு பைக்குள்ளேர்ந்து ஒரு நாப்பது பக்க நோட்ட எடுத்தா. பறவை எண்ணிக்கை! எட்டாவதுல ஒரு டீச்சர் கொள்ளுகுடிப்பட்டிக்கு கூட்டிட்டு போயிருக்காக, வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், திருப்பத்தூர் தாண்டி மதுரை ரோட்டுல. அந்த ஊருக்காரவுக பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போட மாட்டாக, பேப்பர்ல வருஷா வருஷம் வரும். அன்னிலேர்ந்து தேதி போட்டு எழுதி வச்சிருக்கா, நத்தை குத்தி நாரை இத்தன, சாம்பல் நாரை இத்தன, சந்தேகமா இருந்தா பக்கத்துல கேள்விக்குறி. ஜூனோட நோட்டு நின்னுருச்சு, இந்த ஸ்கூல்ல சேந்த மாசம்.

மறுநாள் காலைல பஸ் ஏறிட்டோம் ரெண்டு பேரும், அண்ணன்கிட்ட குன்றக்குடி கோயிலுக்குன்னு சொல்லிட்டு. (முருகா மன்னிச்சுக்க.) கண்மாய் ஓரமா நின்னு தனித்தனியா எண்ணுனோம், ஒருத்தர் நோட்ட ஒருத்தர் பாக்கக்கூடாதுன்னு பேச்சு. எனக்கு நாரை 143, அவளுக்கு 171. ஒத்து வரல. நீங்க அந்த வேலிக்கருவைக்கு பின்னாடி உள்ளத விட்டுட்டீங்க அத்தைன்னு அவ, நீ பறந்து வந்து உக்காந்தத ரெண்டு தடவ எண்ணிட்டன்னு நான், பயங்கர சண்டை. திரும்ப எண்ணுனோம். 158, 164. மூணாவது தடவ எண்ணலாம்னா, சாப்பாடு கூட வேணாம்ங்குறா, மூஞ்சில அந்த ஊஞ்சல்ல கெடந்த புள்ளையே இல்ல. அதுக்குள்ள பஸ்ஸு வந்துருச்சு.

பொங்கல் லீவுல திரும்ப போறோம். யார்கிட்டயாச்சும் பழைய பைனாகுலர் சும்மா கெடந்தா சொல்லுங்க, என்ன வெலயோ குடுத்துடறேன். எங்கண்ணனுக்கு மட்டும் சொல்லிறாதீக. அவனும் இங்கதான் இருக்கான், ஆனா இவ்ளோ நீளமா எழுதுனத அவன் படிக்க மாட்டான், அந்த தைரியத்துலதான் எழுதியிருக்கேன்.