சருகைப் பற்றி வசனம் இல்லை

அத்தைக்கு ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிற வேலை. காலையில் பைபிளில் கடவுளின் பாதுகாப்பைப் பாடும் 91ஆம் சங்கீதத்தைச் சொல்லாமல் வாசலைத் தாண்டமாட்டார். போன டிசம்பரில் சரிவில் சில்வர் ஓக் சருகு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவையும் பல்லைக் கடித்துக்கொண்டே இறங்கி, சேலத்துக்கு வந்து சேர்ந்தார். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ஜெபிக்க வந்த ஒருவர், "எங்கேயோ விசுவாசம் குறைஞ்சிருக்கு, யோசிச்சுப் பாருங்கம்மா" என்று சொல்லி, ஒரு பை சாத்துக்குடியை வைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பையைத் தொடவே பிடிக்கவில்லை.

"பொல்லாப்பு உனக்கு நேரிடாது" என்று 91இல் இருப்பது வாஸ்தவம்தான். ஐந்து வசனம் தள்ளி, "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்றும் இருக்கிறதே. ஆபத்தே வராதவனோடு ஆபத்தில் எப்படிக் கூட இருப்பது?

எலும்புக்கே வருகிறேன். நீதிமானுக்குத் துன்பங்கள் அநேகம் என்கிற 34ஆம் சங்கீதம், அடுத்த வசனத்திலேயே அவன் எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படுவதில்லை என்கிறது. அந்த வார்த்தை நிறைவேறியதாக யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதுவது எந்த இடத்தில்? சிலுவையில் இயேசு இறந்துவிட்டதைப் பார்த்து, சாவை விரைவாக்கக் காலை முறிக்க வந்த சேவகர்கள் முறிக்காமல் விட்ட இடத்தில். (யூதர்கள் பஸ்கா பண்டிகையில் பலியிடும் ஆட்டின் எலும்பை முறிக்கக் கூடாது என்ற கட்டளையும் அங்கே ஒலிக்கிறது, சரி.) எலும்பு முழுசாக இருந்தது, உயிர்தான் இல்லை. லூக்கா 21இல் இயேசு சொல்வது இன்னும் முரட்டுத்தனம்: உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள் என்று 16ஆம் வசனம், தலைமயிரில் ஒன்றாகிலும் அழியாது என்று 18ஆம் வசனம். எழுதியவர் கவனிக்காமலா விட்டிருப்பார்? தன் ஊழியத் தோழன் துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியோடு விட்டுவந்ததாகச் சொல்லும் பவுலும், அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று எழுதவில்லை.

91ஐ விபத்துக் காப்பீடு மாதிரி எடுத்துக்காட்டி, ஆலய உச்சியில் இயேசுவை நிறுத்தி "தாழக் குதியும்" என்று சோதித்தது யார் என்பது மத்தேயு 4இல் இருக்கிறது. பேரைச் சொன்னால் சாத்துக்குடிக்காரர் கோபித்துக்கொள்வார்.

இதையெல்லாம் அத்தையிடம் ஆவேசமாகக் கொட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்தச் சங்கீதத்துல பாதம் கல்லுல இடறாதுன்னுதான் கண்ணு இருக்கு. சருகைப் பத்தி ஒண்ணுமே இல்லையே" என்றார். அப்புறம், "பாவம், ரெண்டு பஸ் மாறி வந்த மனுஷன். அதுல ஒண்ணை உரிச்சுக் குடு."