புகையில்லா அடுப்புத் தொழிலுக்கு மானியம்: எதற்கு, எப்போது?

2024 மே மாதம் பாரிஸில், ஆப்பிரிக்க நாடுகளின் சமையல் எரிபொருள் பற்றி நடந்த உச்சி மாநாட்டில் அரசுகளும் தனியார் நிறுவனங்களுமாகச் சேர்ந்து 220 கோடி டாலர் தருவதாக உறுதியளித்தன. சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் எல்லா வீடுகளுக்கும் புகையில்லாத சமையல் வசதி போய்ச் சேர, 2030 வரை ஆண்டுதோறும் 400 கோடி டாலர் வேண்டும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. தொகை போதாது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது, இதில் மானியமாக வருகிற சிறு பகுதி, தொழில் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன சின்ன நிறுவனங்களின் கையில் எந்தக் கட்டத்தில், எந்த நிபந்தனையோடு போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றி. அடுப்பை விற்பதற்கு மானியம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது வீண். அடுப்பு வாங்கிய வீடு இரண்டாம், மூன்றாம் ஆண்டிலும் அதே எரிபொருளை வாங்கும்படி செய்கிற ஏற்பாட்டுக்குத்தான் மானியம் போக வேண்டும். அதில் ஒரு பங்காவது முன்பணமாக இருக்க வேண்டும்.

விறகையும் கரியையும் சாணத்தையும் எரித்துச் சமைக்கும் வீடுகளின் புகையால் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. உலகில் இன்னும் 200 கோடிக்கும் அதிகமானோர் இப்படித்தான் சமைக்கிறார்கள். தேவை இவ்வளவு பெரியது என்பதால் வாடிக்கையாளருக்குப் பஞ்சமே இருக்காது என்று நினைத்து இந்தத் தொழிலில் இறங்கியவர்கள் பலர்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்த கதை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத் துணையோடு, 'ஊர்ஜா' என்ற அடுப்பை 2006 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேளாண் கழிவுகளை அரைத்து அழுத்திச் செய்த எரிகட்டிகளை, சின்ன மின்விசிறி ஒன்று காற்று ஊதி எரிக்கும். புகை மிகக் குறைவு. மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் விற்பனை வேகமாகப் பரவி, ஏறக்குறைய நான்கு லட்சம் அடுப்புகள் விற்றன. அடுப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பரிசு கொடுத்திருந்தால் முதல் பரிசு இதற்குத்தான். ஆனால் அதன் எரிகட்டிக்கு வேண்டிய கழிவுகளைத் தொழிற்சாலைக் கொதிகலன்களும் தேடத் தொடங்கியதும் மூலப்பொருள் விலை ஏறியது. எரிகட்டியின் விலையும் கூடவே ஏறியது. கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு ஒருபுறம், மானிய விலையில் கிடைத்த எரிவாயு சிலிண்டர் மறுபுறம். பின்னாளில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, வாங்கியவர்களில் பத்தில் ஒருவர்கூட அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கவில்லை. பிரிட்டிஷ் பெட்ரோலியம் 2009இலேயே தொழிலைக் கைமாற்றிவிட, அதை எடுத்து நடத்திய நிறுவனம் வீடுகளை விட்டு உணவகங்கள் பக்கம் திரும்பியது. பணத்துக்குக் குறைவில்லாத ஒரு பெருநிறுவனம் தொடங்கிய தொழிலே எரிபொருளில் தடுக்கி விழுந்தது என்றால், இரண்டு அறைகளில் இயங்கும் ஒரு தொடக்கநிலை நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

ருவாண்டாவின் இன்யெனியேரி நிறுவனம் இந்த இடத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. கிவு ஏரிக்கரையிலுள்ள கிசெனியில் தொடங்கிய அந்நிறுவனம், அடுப்பை விற்கவில்லை. மாதந்தோறும் எரிகட்டி வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்த வீடுகளுக்கு அடுப்பை விலையின்றிக் கொடுத்தது. கையில் காசில்லாத கிராமத்தவர்கள் விறகைக் கொண்டுவந்து கொடுத்து எரிகட்டியாக மாற்றிக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இவ்வளவு யோசித்து அமைத்த திட்டங்கள் குறைவு. கரியமில வாயு வெளியேற்றம் குறைவதற்கேற்பப் பணம் தரும் உலக வங்கியின் கார்பன் நிதியோடும் அதற்கு ஒப்பந்தம் இருந்தது. ஆயினும், வாடிக்கையாளர் கூடக் கூட, தரவேண்டிய அடுப்புகளுக்கும் எரிகட்டி ஆலைக்கும் முன்கூட்டியே போட வேண்டிய முதல் பெருகிக்கொண்டே போயிற்று. அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் 2020இல் நிறுவனம் மூடப்பட்டது. இதை நடத்தியவர்களின் திறமைக் குறைவாக நான் பார்க்கவில்லை; தொடக்க மானியத்துக்கும் பெரிய முதலீட்டுக்கும் நடுவே பல ஆண்டுகளுக்கு நிதியே இல்லாத ஒரு வெற்றிடம் இருப்பதன் விளைவாகவே பார்க்கிறேன்.

ஏழைகள் இந்தப் பொருளுக்குப் பணம் கொடுக்கமாட்டார்கள் என்று சொல்வோருக்கு நைரோபியில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. அங்கே ஏறக்குறைய ஆயிரம் வீடுகளில் 40 டாலர் விலையுள்ள 'ஜிகோகோவா' என்ற சிக்கனக் கரி அடுப்பை முன்வைத்து, எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக வந்த விலை 12 டாலர். அந்த அடுப்போ, கரிச் செலவில் ஆண்டுக்குச் சுமார் 120 டாலரை மிச்சப்படுத்துகிறது. மூன்று மாதத் தவணையில் தருவதாகச் சொன்னதும், கொடுக்க முன்வந்த விலை இரண்டு மடங்கானது. அடுப்பின் பயன் மக்களுக்குப் புரியாமல் இல்லை. ஒரே நாளில் எடுத்து வைக்க 40 டாலர் இல்லை, அவ்வளவுதான். தான்சானியாவில் கோபாகேஸ் நிறுவனம் சிலிண்டரில் அளவி ஒன்றைப் பொருத்தி, எரித்த அளவுக்கு மட்டும் கைபேசியில் பணம் கட்டினால் போதும் என்று செய்ததும் இதே தர்க்கத்தில்தான். கரியை அன்றாடம் டப்பா கணக்கில் வாங்கிப் பழகிய வீட்டுக்கு, எரிவாயுவும் அதே சில்லறைக் கணக்கில் கிடைத்தது. தொடக்கத்தில் மானியங்களின் துணையோடு சோதித்துப் பார்க்கப்பட்ட அந்தத் தொழில்நுட்பத்தை, 2020இல் வேறொரு நிறுவனம் 2.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. மானியத்தின் சரியான வேலை இதுதான் என்று சொல்வேன்: எந்த வங்கியும் கடன் தராத சோதனைக் கட்டத்தின் இழப்பை ஏற்பது.

இப்போது மேலோங்கியிருக்கும் முறையோ, விளைவைக் காட்டினால் பணம் என்பது. நம் ஊர் வங்கிகள் சொல்லும் பின்னேற்பு மானியத்தின் உறவுக்கார முறை. அடுப்பை விற்று, அது வீட்டில் இருப்பதை மூன்றாம் தரப்பு ஒன்று சரிபார்த்த பிறகு பணம் வரும். கொடையாளருக்கு இதில் ஏமாற்றம் குறைவு, கணக்கும் சுத்தமாக இருக்கும். வளர்ந்த நிறுவனத்துக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் சரக்கு வாங்கவே கையில் பணமில்லாத நிறுவனம், சரிபார்ப்பு முடியும்வரை சம்பளத்தை எங்கிருந்து கொடுக்கும்? அதிக வட்டிக்கு, அதுவும் டாலரில், கடன் வாங்கும். வரவோ உள்நாட்டு நாணயத்தில். நாணயம் சரிந்தால் மானியம் வருவதற்குள் கடனே அதை விழுங்கிவிடும். தகுதிக்கு இணைநிதி, அதாவது தன் பங்காகப் போடும் பணம், காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தால், ஏற்கெனவே பணமுள்ளவர்களுக்கே மானியமும் கிடைக்கும். இத்துறையில் திரளும் மூலதனத்தின் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களிடமே போய்க்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

குறைத்த கரியமில வாயுவுக்குச் சான்று பெற்று அதை விற்றுப் பணமாக்கும் கார்பன் வரவு வந்துவிட்டதே, இனி மானியம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2024 ஜனவரியில் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் வெளியான ஆய்வு ஒன்று, தான் எடுத்துக்கொண்ட அடுப்புத் திட்டங்கள் உண்மையான பயனைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல் கார்பன் சான்றுகளைப் பெற்றிருப்பதாகக் கணக்கிட்டது. காரணங்களில் ஒன்று, கொடுத்த அடுப்பை மக்கள் பயன்படுத்துவதை மிகைப்படுத்தியும், பழைய அடுப்பையும் கூடவே எரிப்பதைக் குறைத்தும் சொன்னது. அதாவது, விற்ற எண்ணிக்கையை விளைவாக எடுத்துக்கொண்ட அதே கோளாறு, இங்கே பெரிய பணத்தோடு திரும்ப வந்திருக்கிறது. எரிபொருள் விற்பனையையே அளவிடும் தொழில்களில் இந்தப் பொய்க்கு இடம் குறைவு. விற்ற லிட்டரோ கிலோவோ பதிவேட்டில் இருக்கும். மானியத்துக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியதும் அந்தப் பதிவேட்டைத்தான்.

இலவசமாகப் பணம் வந்தால் நிறுவனங்கள் சோம்பிவிடும், பக்கத்துத் தெருவில் சொந்தக் காசில் தொழில் செய்பவன் நசுங்குவான் என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. அடுப்பின் விலையைக் குறைக்க மானியம் கொடுத்தால் அதுதான் நடக்கும். எரிபொருள் கிடங்கு, பழுதுபார்க்கும் ஆள், தவணை வசூல், மூலப்பொருள் விலை ஏறினால் சில மாதம் தாங்கும் கையிருப்பு ஆகியவற்றுக்குக் கொடுத்தால், விலை சந்தையில் உள்ளபடியே இருக்கும். பக்கத்துத் தெருக்காரனும் அதே கிடங்கில் வாங்கலாம்.

மானியம் வாங்கியவர்கள் தோற்றால் அதை வெளியிட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஊர்ஜாவின் அடுப்புகள் வீடுகளில் என்ன ஆயின என்பது நமக்குத் தெரியவந்தது, சில ஆய்வாளர்கள் தாங்களாகப் போய்த் தேடியதால். பாரிஸில் அறிவித்த பணத்தைப் பங்கிடுபவர்கள், மூன்றாம் ஆண்டில் அப்படிப் போய்த் தேடுவதற்கான செலவை இப்போதே ஒதுக்கிவைப்பது நல்லது.