டொமைனை டிசைனர் பெயரில் விடாதீர்கள்

வெப்சைட் செய்து தருகிறவர்களின் கொட்டேஷனில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: "டொமைன், ஹோஸ்டிங், எஸ்எஸ்எல் முதல் வருடம் இலவசம்." அதில் டொமைன் (அதாவது உங்கள் வெப்சைட்டின் முகவரிப் பெயர்) என்ற சொல்லை அடித்துவிட்டு, அதை மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிச் சொன்னால் டிசைனர் நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். வெப்சைட்டைக் கலைத்துவிட்டுப் புதிதாகச் செய்யலாம், சைட்டை வைத்திருக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங்கை ஒரே நாளில் மாற்றலாம். ஆனால் பில் புக்கிலும் கடை போர்டிலும் டெலிவரி வண்டியிலும் எழுதிவிட்ட பெயர் கைமாறிப் போனால், பல சமயம் அது போனதுதான்.

காசு கொடுத்ததும் டொமைன் நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. அது குத்தகை; ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 வருடத்துக்கு எடுக்கலாம். .காம் பெயர்களின் மூலப் பதிவேட்டை வைத்திருப்பது வெரிசைன் நிறுவனம், .இன் பெயர்களுடையதை வைத்திருப்பது நிக்ஸி அமைப்பு. நமக்குச் சில்லறையில் விற்பவர் ரிஜிஸ்ட்ரார். இந்தக் கணக்கில் பணம் யார் கட்டியது என்பது பெரிதில்லை. 'ரிஜிஸ்ட்ரன்ட்' என்ற இடத்தில் யார் பெயரும் மெயில் ஐடியும் இருக்கிறதோ அவர்தான் குத்தகைதாரர். டிசைனர்கள் பலர் ரீசெல்லர் (மறுவிற்பனையாளர்) கணக்கு ஒன்றைத் திறந்து, எல்லா வாடிக்கையாளர்களின் பெயர்களையும் அதற்குள்ளேயே வாங்கி வைக்கிறார்கள். மோசடி எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அவர்களுக்கு அது வசதி, அவ்வளவுதான். அவர் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய், போன் நம்பரையும் மாற்றிவிட்டால், ரினியூவல் நினைவூட்டல்கள் யாரும் திறக்காத ஒரு மெயில் பெட்டியில் போய் விழுந்துகொண்டிருக்கும்.

ஏற்கெனவே வெப்சைட் இருப்பவர்கள், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் தங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள். ரிஜிஸ்ட்ரார் யார், எந்தத் தேதியில் காலாவதி என்பது தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் தெரியாது. 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து அதை மறைத்துவிடுகிறார்கள். எனவே உண்மையான சோதனை வேறு: அந்த ரிஜிஸ்ட்ரார் தளத்தில் லாகின் செய்ய உங்களிடம் பாஸ்வேர்டு இருக்கிறதா? இல்லையென்றால் பெயர் உங்களிடம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்கும் வழி பலர் நினைப்பதைவிடச் சுலபம், டிசைனருடன் உறவு நன்றாக இருக்கும்போதே செய்தால். அதே ரிஜிஸ்ட்ராரிடம் நீங்களும் ஒரு கணக்கு திறந்து, அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு 'புஷ்' செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் இதற்குக் கட்டணம் இல்லை, சில நிமிட வேலை. டிஎன்எஸ் (பெயரை சைட்டோடும் மெயிலோடும் இணைக்கும் பதிவுகள்) அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் சைட்டும் மெயிலும் நிற்காது. முடிந்ததும் ரிஜிஸ்ட்ரன்ட் விவரம் உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு ரிஜிஸ்ட்ராருக்கே கொண்டுபோக வேண்டுமானால் மாற்றத்தைத் தடுக்கும் லாக்கை எடுத்து, ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டை வாங்கி, புது இடத்தில் கொடுக்க வேண்டும். பழைய ரிஜிஸ்ட்ரார் பதில் சொல்ல 5 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். .காம் போன்றவற்றில் ஒரு வருடக் கட்டணம் வாங்குவார்கள், அது காலாவதித் தேதியோடு சேர்ந்துவிடும். புதிதாக வாங்கியோ ஏற்கெனவே ஒருமுறை மாற்றியோ 60 நாள் ஆகவில்லை என்றால் விடமாட்டார்கள். காலாவதிக்கு நாலு நாள் இருக்கும்போது இதைத் தொடங்குவது வம்பு.

சண்டை வந்த பிறகு என்றால் கதை வேறு. .காம் பெயருக்கு யுடிஆர்பி, .இன் பெயருக்கு ஐஎன்டிஆர்பி என்று தகராறு தீர்க்கும் முறைகள் உண்டு. ஆனால் அங்கே முதலில் காட்ட வேண்டியது வர்த்தக முத்திரை உரிமையை. உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போனால், 5 பெயர் வரை ஒரு நடுவர் விசாரிக்கக் கட்டணமே 1,500 டாலர். வக்கீல் செலவு தனி. ஒரு சின்னக் கடைக்கு இது கட்டுப்படியாகுமா?

புதிதாக வாங்குகிறவர்களுக்கு முக்கியமானது கணக்கின் மெயில் ஐடி. வாங்கப்போகும் டொமைனிலேயே இருக்கும் மெயிலை அதற்குக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், எச்சரிக்கையும் வராது, பாஸ்வேர்டு ரீசெட்டும் வராது. வேலைக்கு இருக்கும் பையனின் ஜிமெயிலும் வேண்டாம். வாங்கியதும் உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் வரும். விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டால் 15 நாளில் பெயரை முடக்கிவிடுவார்கள். "நேற்றுவரை ஓடிய சைட் திடீரென்று நின்றுவிட்டது" என்ற புலம்பலுக்குப் பல சமயம் இதுதான் காரணம்.

அடுத்தது விலை. வெரிசைன் ரிஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் .காம் மொத்த விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக ஏறியது. ஆகவே 99 ரூபாய்க்கு .காம் என்று விளம்பரம் செய்பவர் நஷ்டத்துக்குத்தான் விற்கிறார். அதை இரண்டாம் வருடத்தில் எடுத்துவிடுவார். முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், ரினியூவல் விலையைப் பாருங்கள், 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து. பணம் கட்டும் பக்கத்தில் தானாகவே டிக் ஆகியிருக்கும் சரக்குகளை எடுத்துவிடுங்கள். குறிப்பாக எஸ்எஸ்எல், அதாவது சைட்டுக்குப் போய்வரும் தகவலைப் பூட்டிப் பாதுகாக்கும் சான்றிதழ்: லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தருவது இலவசம், நல்ல ஹோஸ்டிங்கில் தானே புதுப்பித்துக்கொள்ளும். சாதாரணக் கடை சைட்டுக்கு எஸ்எஸ்எல் என்று தனியாகக் காசு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆட்டோ ரினியூவல் போட்டாயிற்றே என்று இந்தியாவில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி (கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் விதி) அமலுக்கு வந்த பிறகு, வெளிநாட்டு ரிஜிஸ்ட்ரார்கள் நம் கார்டிலிருந்து தானாக எடுக்கும் பணம் அடிக்கடி மறுக்கப்படுகிறது. தொழிலுக்கான பெயர் என்றால் 3 அல்லது 5 வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். காலாவதிக்கு ஒரு மாதம் முன்பு போனில் நினைவூட்டல் வையுங்கள். இது சின்ன ஆட்களின் மறதி மட்டுமல்ல. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயில் லாகினுக்குப் பயன்பட்ட தன் பாஸ்போர்ட்.காம் பெயரைப் புதுப்பிக்கத் தவறியதால் மெயிலுக்குள் போக முடியாமல் பலர் தவித்தார்கள். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டித்தான் அது சரியானது.

தேதி தாண்டினால் .காம் பெயருக்கு என்ன நடக்கும்? முதலில் 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே பல ரிஜிஸ்ட்ரார்கள் மீட்க விடுவார்கள். எத்தனை நாள் என்பது அவர்கள் விருப்பம். இந்தக் கட்டத்திலேயே பெயரை ஏலத்துக்கு விடுபவர்களும் உண்டு. நீக்கிவிட்டால் அடுத்த 30 நாள் ரிடெம்ப்ஷன் காலம். மீட்கலாம், ஆனால் அபராதம் வருடக் கட்டணத்தைப்போல் பல மடங்கு. அதன்பின் 5 நாள் யாராலும் தொட முடியாது. பிறகு சந்தைக்கு வரும். வந்த நொடியில் அள்ளிக்கொள்ளத் தனியாக மென்பொருள் வைத்துக் காத்திருக்கிறார்கள். பலர் யோசிக்காத ஆபத்து இதற்குப் பிறகுதான். புதிதாக வாங்கியவர் உங்கள் பழைய மெயில் முகவரிக்கு வருவதையெல்லாம் தன் பெட்டிக்குத் திருப்பிக்கொள்ளலாம். அந்த மெயிலை வைத்துத் திறந்த கணக்குகளின் ரீசெட் லிங்க் அவர் கைக்குப் போகும். தொழிலை மூடினாலும், அந்த மெயிலை எல்லாக் கணக்குகளிலிருந்தும் எடுக்கும்வரை ஓரிரு வருடமாவது பெயரைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

பெயர் தேர்வில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட்-எச் போடுவதா, எல் போடுவதா? நெடிலுக்கு ஒரு ஏயா, இரண்டா? போனில் ஒருமுறை சொல்லி எதிரில் இருப்பவரை டைப் செய்யச் சொல்லுங்கள், அவர் எப்படி அடிக்கிறாரோ அந்த வடிவத்தையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஹைஃபன் வேண்டாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் இருக்கின்றன. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் அவை ஓடுகின்றன. சில இடங்களில் காப்பி செய்து ஒட்டினால் அந்தக் கோவைதான் தெரியும், மெயிலுக்கும் எல்லா இடத்திலும் ஒத்துழைக்காது. இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாம்.

ஹோஸ்டிங் மாற்றும்போது நேம்சர்வரை (டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் சர்வரை) மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் பழைய டிஎன்எஸ் பதிவுகள் கூடவே வராது. மெயில் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு போனால் சைட் ஓடும், மெயில் நின்றுவிடும், உங்களுக்குத் தெரியவே சில நாள் ஆகும். முதலில் எல்லாப் பதிவுகளையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புது இடத்தில் அப்படியே உள்ளிட்டுவிட்டுப் பிறகு மாற்றுங்கள். உங்கள் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது.

"பாஸ்வேர்டு இல்லாமல் எப்படி வேலை செய்வது?" என்று டிசைனர் கேட்பார். நியாயமான கேள்விதான். பெரிய ரிஜிஸ்ட்ரார்கள் பலரிடம் டெலிகேட் அணுகல் என்ற வசதி இருக்கிறது. சில இடங்களில் டிஎன்எஸ் மாற்ற மட்டும் அவருக்கு அனுமதி கொடுக்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில், அவர் என்ன பதிவு போட வேண்டும் என்று வாட்ஸப்பில் அனுப்பினால் நீங்களே போட்டுவிடலாம். ஒரு பதிவுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.