வாக்கு எண்ணும் நாளும் நெஞ்சுப் படபடப்பும்

தேர்தல் சமயத்தில் தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், போனைக் கீழே வைக்க முடியாமல் தவிக்கிறவர்களிடம் "அரசியலை விட்டுத் தள்ளுப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது தவறு என்றே நினைக்கிறேன். நூறு நாள் வேலைக் கூலி, ரேஷன், பிள்ளையின் கல்லூரி இடம், ஊரில் நிம்மதியாக இருக்க முடியுமா என்பது வரை எல்லாம் அதில்தான் இருக்கிறது. பயப்படுகிறவருக்குக் காரணம் உண்டு. அந்தப் பயம் உடம்பைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வழியும் உண்டு.

மனசை அதிகம் அரிப்பது காத்திருக்கும் நாட்கள்தான். 2021இல் ஏப்ரல் 6 வாக்களித்துவிட்டு மே 2 வரை காத்திருந்தோம், 26 நாள். 2024இல் ஏப்ரல் 19இலிருந்து ஜூன் 4 வரை 46 நாள். அந்த நாட்களில் நம் தொகுதி முடிவைப் பற்றி யாரிடமும் புதுத் தகவல் கிடையாது. இயந்திரங்கள் சீல் வைத்த அறைக்குள் இருக்கின்றன. ஆனால் டிவிக்காரர்கள் 24 மணி நேரத்தையும் நிரப்பியாக வேண்டும். ஜூன் 1 மாலை வந்த கருத்துக்கணிப்புகள் பலவும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் இடம் கொடுத்தன, வந்தது 293. அந்த மூன்று இரவுகளில் துக்கத்தில் தூங்காதவர்களும் சந்தோஷத்தில் தூங்காதவர்களும் இல்லாத ஒரு எண்ணுக்காகத்தான் கண் விழித்தார்கள்.

எண்ணிக்கை நாளன்று டிவி முன்னால் உட்காருவதற்கு முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். காலை 8 மணிக்கு முதலில் தபால் வாக்கு. இயந்திரங்களைத் தொடவே 8.30 ஆகும். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு வழக்கமாக 14 மேசை. மேசைக்கு ஒரு சாவடியின் இயந்திரம். 14 சாவடி முடிந்தால் ஒரு சுற்று. சாவடிக்கு 750 வாக்கு பதிவாகியிருந்தால் சுற்றுக்கு 10,500. தொகுதியில் 280 சாவடி என்றால் 20 சுற்று. சாவடிகள் வரிசை எண்படி மேசைக்கு வருவதால், முதல் சில சுற்றுகள் தொகுதியின் ஒரு மூலையிலிருந்தே வரும். அந்த மூலை ஒரு கட்சியின் கோட்டை என்றால் அது "முன்னிலை". நாலு சுற்று தள்ளி வேறு ஊர்கள் வரும்போது அதுவே "பின்னடைவு". நடுவில் மக்கள் யாரும் மனசு மாறவில்லை. 2024இல் விருதுநகரில் முன்னிலை இப்படிப் பலமுறை கைமாறி, கடைசியில் 4,379 வாக்கில் முடிந்தது. 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் வெறும் 137. காலை 9 மணி நிலவரத்தை வைத்துக் கண்ணீர் விட்டாலும் பட்டாசு வெடித்தாலும் அதற்கு அடிப்படை இல்லை.

அதனால் மூன்றே வேளை வைத்துக்கொள்ளுங்கள்: பகல் 12, மாலை 4, இரவு 8. ஒவ்வொரு வேளையும் பத்து நிமிடம். தேர்தல் ஆணையத்தின் முடிவுகள் தளத்தில் உங்கள் தொகுதியைத் திறந்து, எத்தனை சுற்றில் எத்தனை முடிந்தது என்பதை முதலில் பாருங்கள், வித்தியாசத்தை அப்புறம் பாருங்கள். டிவி எண்ணைவிட அது தாமதமாக வரும். சுற்று முடிந்து அதிகாரி சரிபார்த்த பிறகே ஏறுவதால் அந்தத் தாமதம்.

"மெஷினை மாத்திட்டாங்க" என்ற செய்தி வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால் நெஞ்சு திக்கென்று ஆகும். அப்போது கேட்க வேண்டிய ஆள் உங்கள் சாவடியில் உட்கார்ந்த கட்சி முகவர். வாக்குப்பதிவு முடிந்ததும் மொத்தம் பதிவான வாக்கு, இயந்திர எண் எல்லாம் எழுதிய 17சி படிவத்தின் நகல் அவரிடம் தரப்படும். எண்ணும் மேசையில் அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். தொகுதிக்கு 5 சாவடிகளைக் குலுக்கிப் போட்டு, யாருக்கு வாக்கு விழுந்தது என்று அச்சாகும் ஒப்புகைச் சீட்டையும் எண்ணுவார்கள். எந்தச் சாவடி, எந்த எண் என்று சொல்லாமல் சுற்றும் வீடியோவை அனுப்பாதீர்கள். அந்தச் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம்.

போன் விஷயத்தில் மன உறுதியை நம்ப வேண்டாம், செட்டிங்கை நம்புங்கள். கட்சி குரூப்பை "எப்போதும்" என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள். எட்டு மணி நேர மியூட் போதாது. நள்ளிரவில் போட்டால் காலையில் சரியாகத் திரும்பி வந்து நிற்கும். யூடியூப்பில் ஆட்டோபிளேயை அணைத்து, பார்த்த வரலாற்றையும் நிறுத்தி வையுங்கள். கோபமான ஒரு விவாதத்தைப் பார்த்தால் அடுத்து பத்து அதே மாதிரி வருவது அந்த வரலாற்றால்தான். இரவில் சார்ஜர் சமையலறையில் இருக்கட்டும்.

ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்து மனசு ஓட ஆரம்பித்தால், எழுந்து உட்கார்ந்து நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம். பலர் ஆழமாக இழுப்பதிலேயே குறியாக இருந்து தலைசுற்றலை வரவழைத்துக்கொள்கிறார்கள். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதுதான் படபடப்பைத் தணிக்கும். மறுநாள் மாலை ஒரு கால் மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கி, எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். அதில் உங்கள் கைக்கு எட்டுவது ஒன்றாவது இருக்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று 1950க்குக் கூப்பிட்டுப் பார்ப்பது, இல்லையென்றால் படிவம் 6, முகவரி மாறியிருந்தால் படிவம் 8 கொடுப்பது. வேட்புமனு கடைசி நாளுக்குப் பின் பெயர் சேர்க்க முடியாது. பயத்தை அதற்கு முன்னாலேயே வேலையாக மாற்றிவிடுங்கள்.

தூக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் அதைத் தேர்தல் கவலை என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். நெஞ்சில் வலி, இடது கைக்கு இழுக்கிறது என்றால் மூச்சுப் பயிற்சியெல்லாம் வேண்டாம், உடனே 108.

என் பெரிய கவலை தோற்ற பக்கத்துத் தொண்டர்களைப் பற்றி. தலைவருக்காகத் தீக்குளித்தவர்களைப் பார்த்த மண் இது. எண்ணும் அறைக்குள் போன் கிடையாது; எண்ணிக்கையைப் பார்க்க விடியற்காலையில் உள்ளே போன கட்சி முகவர் பாதிப் பட்டினியோடு இருட்டிய பிறகு வெளியே வருவார். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், வண்டியை எடுத்துக்கொண்டு மையத்து வாசலுக்குப் போங்கள். நாலு இட்லி சாப்பிட வையுங்கள். முடிவைப் பற்றி எதுவும் கேட்காமல் வீட்டில் இறக்கிவிட்டு, "இன்னைக்கு ராத்திரி அவரைத் தனியா விடாதீங்க" என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.