அணையை இடித்ததோடு வேலை முடியவில்லை
பழையதை உடைத்தாலே சிறந்தது தானாக முளைத்துவிடும் என்று இந்தக் கட்டுரையை எழுதியவர் சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. மீதிப் பாதியை ஏன் ஏற்க முடியவில்லை என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் எல்வா ஆறு காட்டுகிறது. 1913-இலும் 1927-இலும் அங்கே கட்டி முடிக்கப்பட்ட இரண்டு அணைகளிலும் மீன்கள் ஏறிச் செல்ல வழியே வைக்கப்படாததால், முட்டையிடக் கடலிலிருந்து திரும்பும் சால்மன் மீன்கள் முகத்துவாரத்தை ஒட்டிய ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டருக்குள் முடங்கின. அவற்றை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடியினருக்கு நேர்ந்தது பெரும் அநீதி. ஆற்றை மீட்பதற்கான சட்டம் 1992-இல் நிறைவேறியபோதும் இடிப்பு 2011-இல்தான் தொடங்கியது; கலங்கி வரப்போகும் நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களை முதலில் கட்ட வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணம். இடிக்கத் துணிவு ஒன்றே போதும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்டிருக்கும் நண்பர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்: 64 மீட்டர் உயரமுள்ள மேல் அணையை ஒரே நாளில் தகர்த்திருந்தால், அதன் பின்னால் பல பத்தாண்டுகளாகத் தேங்கியிருந்த வண்டல் மொத்தமாகப் பாய்ந்து, எந்த மீன்களுக்காக அணை இடிக்கப்பட்டதோ அவற்றையே மூச்சுமுட்டக் கொன்றிருக்கும் என்பதால், 2014 வரை இடையிடையே நிறுத்தி நிறுத்திப் படிப்படியாகத்தான் அகற்றினார்கள். நீர்த்தேக்கம் வற்றிய வெற்றுத் தரையில் களைகள் முந்திக்கொள்ளாமல் உள்ளூர்ச் செடிகளை நட்டு வளர்த்தார்கள். மேல் ஆற்றுக்கு சால்மன் திரும்பியது, அடித்து வரப்பட்ட மணல் முகத்துவாரத்தில் புதிய கடற்கரையை உருவாக்கியது, பழங்குடியினர் தங்கள் தோற்றத்தோடு இணைத்துப் போற்றும் இடம் தண்ணீருக்கடியிலிருந்து வெளிப்பட்டது. மீட்பின் பொருட்டு நிறுத்திவைத்திருந்த மீன்பிடிப்பை அவர்கள் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது 2023-இல்தான்.